பலகை நலம்

சட்டைப் பையில் தொங்கும் பெயர் அட்டையைத் திருப்பிப் போட எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியும். ஒரு நொடிகூட ஆகாது. நான் செய்து பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் வாரியத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரியத்தைப் பற்றி முழுதாகச் சொன்னால் என் குற்றம் கொஞ்சம் சிறியதாகத் தெரியும் என்று ஒரு நப்பாசை.

பொருநை வட்டார ஆவணப் பாதுகாப்பு வாரியம் வண்ணார்பேட்டையில் மூன்று மாடியில் இயங்குகிறது. மூடப்பட்ட பயிற்சி நிலையங்கள், மூடப்பட்ட ஆலைகள், மூடப்பட்ட பள்ளிகள் ஆகியவற்றின் பழைய ஏடுகளை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். அசலைத் தொலைத்தவர்கள் வந்தால், எங்களிடம் இருக்கும் பக்கத்தை ஒரு சான்றிதழ்ப் படிவத்துக்குள் வைத்து, முத்திரை போட்டுக் கொடுக்க வேண்டும். வாரியத்தின் வேலை இவ்வளவுதான். இதற்கு நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம்.

பக்கங்கள் இருக்கும் கம்ப்யூட்டர் திருநெல்வேலியில், என் மேசையில். முத்திரை இருக்கும் கம்ப்யூட்டர் அம்பாசமுத்திரத்தில். இரண்டும் நாள் முழுக்கத் தொலை இணைப்பில் இருக்கும். அம்பாசமுத்திரத்துத் திரை என் திரைக்குள்ளேயே ஒரு சன்னலாகத் திறந்திருக்கும். இங்கே காப்பி எடுத்ததை அங்கே பேஸ்ட் செய்யலாம், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே கிளிப்போர்டு. வாரியம் அதற்கு ஒட்டுப்பலகை என்று பெயர் வைத்தது. நாங்கள் சுருக்கமாகப் பலகை என்போம்.

முன்பெல்லாம் இந்த வேலையை ஒருவரே செய்துவந்தார், ஒரு நாளைக்கு எண்பது சான்றிதழ் போனது என்று சொல்வார்கள். பிறகு ஒரு விபத்து நடந்தது. அப்போதைய இயக்குநர் தன் வீட்டுச் சுவருக்கு வேண்டிய பெயிண்ட் நிறங்களைக் காப்பி எடுத்தவர், மறதியாக அதைத் தலைமையகத்துக்குப் போக வேண்டிய கடிதத்தில் ஒட்டிவிட்டார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: "தாங்கள் கோரிய இளமஞ்சள் பரிசீலனையில் உள்ளது." அன்றிலிருந்து பலகை, பாதுகாக்கப்பட்ட சொத்து ஆனது.

புதிய இயக்குநராக முனைவர் ஆவுடைநாயகம் வந்தார். வந்த முதல் வாரத்திலேயே எங்களைக் கூட்டி உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"நகலெடுப்பது மனித இயல்பு. குழந்தைகூடச் செய்யும். ஒட்டுவதுதான் நிர்வாகம். ஒட்டுகிற கைக்குப் பின்னால் ஒரு பதவி இருக்க வேண்டும், பதவிக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். சீக்கிரம் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று பொதுமக்கள் கேட்கிறார்கள். சீக்கிரம் கொடுத்துவிட்டால், நாம் இங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?"

கைதட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன். ஆறு வருடமாக இளநிலை உதவியாளர், தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில் இருந்தது.

அதன்பின் காப்பி எடுக்கும் அதிகாரம் திருநெல்வேலிக் கண்காணிப்பாளர் பிரம்மநாயகி அம்மாளுக்கும், பேஸ்ட் செய்யும் அதிகாரம் அம்பாசமுத்திரம் மந்திரமூர்த்திக்கும் வழங்கப்பட்டது. எடுக்கும் கையும் ஒட்டும் கையும் ஒரே ஊர்த் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது ஆணை. இரண்டு ஊருக்கும் தாமிரபரணித் தண்ணீர்தானே என்று யாரோ ஒருவர் கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட, அதை ஆராயக் குழு போடப்பட்டது. குழு இன்னும் பாபநாசத்துக்குப் போய்க் குளித்து வந்துகொண்டிருக்கிறது.

ஆறு மாதம் கழித்துத்தான் வாரியத்துக்கு ஓர் உண்மை தெரிந்தது. பலகையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். புதிதாக எதையாவது காப்பி எடுத்தால் பழையது போய்விடும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த இந்தச் சங்கதி, எங்கள் அலுவலகத்தில் மூடிய கவரில் சுற்றுக்கு வந்தது. கூடவே நடைமுறையும் வந்தது. பிரம்மநாயகி அம்மாள் காப்பி எடுத்ததும் மணி அடிக்க வேண்டும். மந்திரமூர்த்தி ஒட்டி முடிக்கும் வரை திருநெல்வேலியில் யாரும் எதையும் காப்பி எடுக்கக் கூடாது, என் மேசைக் கம்ப்யூட்டரை அணைக்கவும் கூடாது. பலகையில் இருப்பதைக் காக்க ஒரு காவலர் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர் பதிவேட்டில், பலகையில் இருப்பது யார், நிலை என்ன என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பலகையை எட்டிப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. பார்ப்பதற்கு எங்காவது ஒட்ட வேண்டும், ஒட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அந்தக் காவலர் நான்தான். பெயர் கா. கார்த்திகேசன். பார்க்காத ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை "பலகை நலம்" என்று எழுதுவது என் உத்தியோகம்.

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை காயல்பட்டினத்திலிருந்து சிராஜுதீன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஏ.சி. மெக்கானிக். ஒரு பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவில் படித்தவர், அந்த நிலையம் மூடி ஏழு வருடமாகிறது.

"டிசம்பர் வெள்ளத்துல எல்லாம் போச்சு சார். வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. பீரோவைத் திறந்தா சர்ட்டிபிகேட்டெல்லாம் கூழா இருக்கு. இப்போ கத்தார்ல ஒரு கம்பெனியில கேக்காங்க. வேலை உறுதி, விசா ரெடி. இந்தச் சர்ட்டிபிகேட்டு மட்டும்தான் பாக்கி. வாற வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பலைன்னா அடுத்த ஆளைப் போட்டுருவான்."

"பன்னிரண்டு நாள் இருக்குல்லா. தாராளம்," என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

பெயரையும் வருடத்தையும் தட்டினேன். பக்கம் வந்தது. பத்தொன்பது வயதில் அரும்புமீசையோடு ஒரு படம், பக்கத்தில் மதிப்பெண்கள். சிராஜுதீன் கவுண்டருக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"இதாம் சார்! நான்தான்! அல்லாஹ்வே, இப்பிடியா ஒல்லியா இருந்திருக்கேன்." முகம் முழுக்கச் சிரிப்பு.

பிரம்மநாயகி அம்மாள் வந்தார். கண்ணாடி மாட்டினார். நேரத்தைச் சத்தமாகச் சொன்னார், பதினொன்று நாற்பது. இரண்டு பொத்தானை அழுத்தினார். நான் மணி அடித்தேன். மூன்று மாடியிலும் எல்லோரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்கள். நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தமும் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தமும் கேட்டன.

"முடிஞ்சுதா சார்?" என்றார் சிராஜுதீன்.

"ஏறியாச்சு. இனிமே அம்பாசமுத்திரத்துல இறக்கணும்."

அவர் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் கண் சும்மா இருக்குமா. "சார், இந்தா ஓரத்துல தெரியுதுல்லா, அது அம்பாசமுத்திரம்தானே? இங்கன இருந்தே ஒட்டிரலாமே. ஒரு செகண்டு வேலை."

பிரம்மநாயகி அம்மாள் நெஞ்சில் கையை வைத்தார். "யய்யா, பைய பேசுங்க. மேல கேமரா இருக்கு."

மந்திரமூர்த்திக்குப் போன் போட்டேன். அவர் சென்னையில் இருந்தார். 'மேம்பட்ட ஒட்டுதல்' என்று மூன்று நாள் பயிற்சி. புதன் இரவு ரயில் ஏறி வியாழன் வருவார், வியாழன் பயண அலுப்பு விடுப்பு. வெள்ளி ஆயுத பூஜை, சனி விஜயதசமி, அடுத்தது ஞாயிறு. திங்கட்கிழமை ஒட்டுவார்.

"அதுவரைக்கும்?" என்றார் சிராஜுதீன்.

"அதுவரைக்கும் நீங்க பலகையில இருப்பீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதினேன். பலகையில் இருப்பது: சிராஜுதீன். நிலை: நலம். மற்ற மனுதாரர்கள் வந்தால், பலகை நிறைந்திருக்கிறது என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பினோம். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை என்று சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். புதன்கிழமைக்குள் அறுபத்தொரு பெயர் சேர்ந்தது. நாற்பத்திரண்டு பேரும் அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டோம். சிராஜுதீன் தினமும் போன் செய்தார், தினமும் நான் அவரிடம், "பலகையில நலமா இருக்கீங்க," என்றேன்.

"நான் நலமாத்தான் இருக்கேன் சார், பேப்பரு எப்படியிருக்கு?" என்று ஒருநாள் கேட்டார். சிரித்துவிட்டேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை மாலை அலுவலகத்தில் ஆயுத பூஜை. வாழைக்கன்று, தோரணம், பொரிகடலை எல்லாம் தயார். கம்ப்யூட்டர்களை அணைத்து, துடைத்து, சந்தனம் வைத்தார்கள். என் மேசைக் கம்ப்யூட்டரை மட்டும் அணைக்க முடியாது, பலகையில் ஆள் இருக்கிறார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காவல் வேலையில் கை சும்மாதான் இருக்கும். தட்டச்சு செய்யத் தடை இல்லை, காப்பி எடுக்கத்தான் தடை. அந்த நான்கு நாளில் நான் இயக்குநருக்கு ஒரு வாழ்த்துமடல் எழுதியிருந்தேன். பூஜையில் வாசிக்கலாம் என்று எண்ணம். யாரும் எழுதச் சொல்லவில்லை. அதில் இருந்த வரிகளைப் பின்னால் சொல்கிறேன், சொல்லாமல் தப்பிக்க வழி இல்லை. இயக்குநருக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி போடப் பிடிக்காது. அவரே திரையில் படிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்குவதற்காக, மடல் முழுவதையும் தேர்ந்தெடுத்திருந்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நீலமாக இருந்தது. அப்போது அவர் உள்ளே வந்துவிட்டார்.

நேராக என் மேசைக்கு வந்தார். ஒரு கம்ப்யூட்டர் மட்டும் ஓடுவதைப் பார்த்தார்.

"அணைந்த இயந்திரத்துக்குப் பொட்டு வைப்பது சம்பிரதாயம்," என்றார். "ஓடுகிற இயந்திரத்துக்கு வைப்பது சரித்திரம். சந்தனம் கொண்டா தம்பி."

கொண்டுபோய் நீட்டினேன். அவர் இடது கட்டைவிரலில் சந்தனமும் வலது சுட்டுவிரலில் குங்குமமும் தொட்டுக்கொண்டார். "வாரியத்தின் இரண்டு கண்கள்," என்று சொல்லி, கண்ட்ரோல் பொத்தானில் சந்தனத்தையும் சி பொத்தானில் குங்குமத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தி வைத்தார். பிரம்மநாயகி அம்மாள் போட்டோ எடுத்தார். முதல் படத்தில் இயக்குநரின் கண் மூடியிருந்தது என்பதால் அவர் அதே பொத்தான்களை இன்னொருமுறை அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கண்ட்ரோலும் சியும் சேர்ந்தால் காப்பி. தேர்ந்தெடுத்திருந்தது என் வாழ்த்துமடல். திரையில் எதுவும் மாறவில்லை, மாறாது. நான்கு நாளாக நான் காத்துவந்த சிராஜுதீன் பலகையிலிருந்து போய்விட்டார், அவர் இடத்தில் நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கூடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

சரிசெய்வது பெரிய காரியமே இல்லை. சிராஜுதீனின் பக்கம் அதே கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. பிரம்மநாயகி அம்மாள் இன்னொருமுறை இரண்டு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அதற்கு நான் வாயைத் திறந்து, ஐயா, நீங்கள் வைத்த பொட்டில் ஒரு மனிதனின் பக்கம் அழிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். கண்கொட்டாமல் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கும் மனிதரிடம். என் கோப்பு அவர் மேசையில் இருக்கும்போது.

ஐந்து மணிக்குப் பதிவேட்டை எடுத்து எழுதினேன். பலகையில் இருப்பது: சிராஜுதீன். நிலை: நலம். குங்குமம் பட்ட விரலால் எழுதியதால் அந்த வரியின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை இருக்கும். இன்றைக்கும் இருக்கிறது.

திங்கட்கிழமை மந்திரமூர்த்தி பயிற்சி முடித்த களையோடு போனில் வந்தார். அவரை ஒலிபெருக்கியில் போட்டோம்.

"ஒட்டட்டுமா மேடம்?"

"ஒட்டும்வே," என்றார் பிரம்மநாயகி அம்மாள், பக்கத்து மேசையில் வெண்டைக்காய் பற்றிப் பேசியபடி.

என் திரையின் ஓரத்துச் சன்னலில், அம்பாசமுத்திரத்துச் சான்றிதழ்ப் படிவத்துக்குள், என் வாழ்த்துமடல் மடமடவென்று விழுவதைப் பார்த்தேன்.

"பொத்துனு விழுந்துட்டு மேடம். சட்டத்துக்குள்ள கச்சிதமா உக்காந்துட்டு."

"என்ன விழுந்திருக்குன்னு படிச்சுப் பாத்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அதுதான் அந்த நாளில் என் வீரம்.

"படிக்கதுக்கு நான் யாருவே? எனக்கு ஒட்டுததுக்குத்தான் ஆர்டர். படிக்கது சரிபார்ப்பு மேசை. அந்தப் போஸ்டு ரெண்டு வருசமா காலியா கெடக்கு. காலி போஸ்டு ஆட்சேபம் சொல்லலைன்னா சரின்னுதான் அர்த்தம்." முத்திரை விழுந்தது.

புதன்கிழமை தபாலில் கவர் வந்தது. பன்னிரண்டு மணிக்குச் சிராஜுதீன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் உறை. சான்றிதழ் கசங்காமல் வைக்க வாங்கியிருந்தார் போல. கவரைக் கொடுத்தேன். பஸ்ஸில் போய்ப் பிரிப்பார், வீட்டில் போய்ப் பிரிப்பார் என்று என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். அவர் அங்கேயே பிரித்தார். சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.

"'இதனால் சான்றளிக்கப்படுவது யாதெனில், சிராஜுதீன் என்பவரின் அசல் ஆவணத்தில் உள்ளபடி: பொருநைக்கு இரண்டு கரை. எங்களுக்கு ஒரே கரை, அது தாங்கள்...'" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன சார் இது?"

அவர் மேலே படித்தார்.

"'தாங்கள் நடந்து வந்தால் கோப்புகள் எழுந்து நிற்கின்றன. தங்கள் கையெழுத்தைக் கண்ட நாளில் எனக்கு மதியச் சாப்பாடு தேவைப்படுவதில்லை. மறுபிறவி உண்டென்றால் தங்கள் மேசை இழுப்பறையாகப் பிறக்க விரும்புகிறேன்...'"

பிரம்மநாயகி அம்மாள் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"'இப்படிக்கு, தங்கள் பாதநிழலில் பணிவுடன் நிற்கும், கா. கார்த்திகேசன், இளநிலை உதவியாளர், தற்காலிகம். அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.'"

சிராஜுதீன் தாளைக் கவுண்டரில் வைத்தார். "சார், இந்தக் கார்த்திகேசன்னு போட்டிருக்கே. அது யாரு சார்?"

அவர் இழுப்பறை வரியைப் படித்தபோதே அட்டையைத் திருப்பிவிட்டேன். முன்பே சொன்னேன், ஒரு நொடிகூட ஆகவில்லை. கை தானாகப் போனது.

"தெரியல," என்றேன். "அம்பாசமுத்திரத்துல யாராவது இருக்கும்."

சத்தம் கேட்டு இயக்குநர் வெளியே வந்தார். தாளை வாங்கிக் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தார். இரண்டுமுறை படித்தார். கரை வரியில் உதடு அசைந்தது.

"இதில் என்ன தவறு?" என்று கேட்டார்.

"சார், இது என் சர்ட்டிபிகேட்டே இல்ல. என் மார்க்கு எங்க? என் போட்டோ எங்க?"

"நான் கேட்பது அதுவல்ல. இதில் பொய்யான வரி ஒன்றைக் காட்டுங்கள்."

இயக்குநர் குரலைத் தாழ்த்திக் கனிவாகச் சொன்னார்: "பாருங்கள். இதில் வாரியத்தின் முத்திரை இருக்கிறது. முத்திரை விழுந்த பிறகு சான்றிதழ் தவறாக இருக்க முடியாது. மனுதாரர் தவறாக இருக்க வாய்ப்பு உண்டு. இருந்தாலும் நான் கடுமையானவன் அல்ல. விதியில் வழி இருக்கிறது. வாசகத்தை எழுதியவர் யாரோ, அவர் வந்து, இது என்னுடையது, திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். இன்றைக்கே ரத்து செய்கிறேன். நாளைக்கே புதிது தரச் சொல்கிறேன்." பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பி, "யார் இந்தக் கார்த்திகேசன்? நம் அலுவலகத்தில் அப்படி யாராவது உண்டா?" என்றார்.

அவர் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு என் பெயர் தெரியாது. அந்த நேரத்திலும் என் மனசு முதலில் அதற்குத்தான் வருத்தப்பட்டது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

பிரம்மநாயகி அம்மாள் வாயைத் திறக்கவில்லை. யாரும் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டார்கள். எல்லோரும் நல்லவர்கள். சிராஜுதீன் என்னைப் பார்த்தபடியே இருந்தார், கெஞ்சுவதுபோல இல்லை, ஒரு பஸ் வருமா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு வரி. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. விழுங்கிவிட்டேன்.

"அப்படி யாரும் இல்லை என்றால் குழு போட்டுத் தேடலாம். முப்பது நாள்," என்று சொல்லிவிட்டு இயக்குநர் உள்ளே போனார். போகும்போது, "அலுவலகப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள், நன்றாக எழுதியிருக்கிறான்," என்றார்.

சிராஜுதீன் தாளை மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைதான் கடைசி சார்," என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு, "சரி, வாரேன்," என்றார். அவர் சாலையைக் கடந்து திருச்செந்தூர் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. இருபது நிமிடம் நின்றார். ஓடிப்போய்ச் சொல்லலாம், அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்தாவது கொடுக்கலாம் என்று இருபது நிமிடமும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே பதிவேட்டில், பலகை காலி, நிலை நலம் என்று எழுதினேன். ஒரு மணிக்கு அட்டையை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அட்டை தெரியாவிட்டால் கேன்டீனில் சாப்பாடு தரமாட்டார்கள்.

நவம்பரில் என்னை நிரந்தரமாக்கினார்கள். பிரம்மநாயகி அம்மாள்தான் இயக்குநரிடம் பைய எடுத்துச் சொல்லியிருக்கிறார். "குழு தேடுன ஆள் கிடைச்சுட்டு சார், நம்ம கார்த்திகேசன்தான்," என்று. அவர் கோபப்படவில்லை. மகிழ்ந்துபோனார். என் பணிக் கோப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். நன்னடத்தைச் சான்று என்ற இடத்தில், வாரிய முத்திரையோடு, அந்த அலுவலகப் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. தலைப்பில் சிராஜுதீன் பெயர். கீழே என் பெயர். யாருக்கும் அது உறுத்தவில்லை, ஏனென்றால் சரிபார்ப்பு மேசை இன்னும் காலிதான்.

மே மாதம் கத்திரி வெயிலில் இயக்குநர் அறை ஏ.சி. நின்றுபோனது. அன்று காலை வாரியம் ஓடியதுபோல என் அனுபவத்தில் ஓடிப் பார்த்ததில்லை. படிவம் இல்லை, பலகை இல்லை, மணி இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு கடைக்கு நேரடியாகப் போன் போனது. அரை மணியில் மெக்கானிக் வந்து நின்றார்.

சிராஜுதீன்.

கொஞ்சம் கறுத்திருந்தார். என்னைப் பார்த்து, "ஸலாம் சார்," என்றார், எப்போதும் வருபவரிடம் சொல்வதுபோல. ஏணி போட்டு ஏறினார். இயக்குநர் கீழே நின்று துண்டால் விசிறிக்கொண்டு, "கெட்டிக்காரனாக இருக்கிறாயே, எங்கேயாவது வெளிநாடு போகலாமே?" என்றார். சிராஜுதீன் திருகாணியை வாயில் வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை. நான் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

முக்கால் மணி நேரத்தில் குளிர்ந்த காற்று வந்தது. இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பையிலிருந்து கடையின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"ஒரு வரி எழுதித் தரணும் சார். வேலை நல்லா முடிஞ்சுதுன்னு. கீழ பேரு, கையெழுத்து."

"ஏ.சி. பழுது நீக்கப்பட்டது, வேலை திருப்தி," என்று எழுதினேன். பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அட்டை நெஞ்சில் நேராகத்தான் தொங்கியது. ஆனாலும் அவர் முன்னால் என் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை.

"எழுதுங்க சார்," என்றார். "மொத நாளே அட்டையில வாசிச்சிருந்தேன். அன்னைக்கு அது யாருன்னு கேட்டது, நீங்களே சொல்லுவீங்கன்னுதான்."

"இயக்குநர்ட்ட என்னைய நீங்களே காட்டியிருக்கலாமே..." என்றேன்.

"உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். வரல. சரி, விடுங்க. அடுத்த வீட்டுல ஆள் காத்துட்டு இருக்காங்க."

கா. கார்த்திகேசன் என்று எழுதினேன். எழுதும்போது தாளுக்கு அடியில் ஏதோ வழுவழுவென்று நகர்ந்தது. கார்பன் தாள். சிராஜுதீன் புத்தகத்தை வாங்கிக் கார்பனை உருவி, அடித்தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"இது காப்பி. உங்களுக்கு. வச்சுக்கிடுங்க."

என் கையெழுத்து, என் பெயர், எல்லாம் அப்படியே நீலமாக விழுந்திருந்தது. அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பேனாவை வாங்கியதிலிருந்து, நான் தயங்கி நின்றதையும் சேர்த்து, ஒரு நிமிடம் ஆகியிருந்தது.